ஷாக் சிகிச்சைக்கு வெறும் வயிறு ஏன்?

பேச்சு வழக்கில் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ எனப்படும் மின்வலிப்பு சிகிச்சை, தீவிர மனச்சோர்வு உள்ளிட்ட சில மனநோய்களுக்கு இன்றும் தரப்படுகிறது. 1938இல் ரோம் நகரில் மருத்துவர்கள் செர்லெட்டியும் பினியும் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கிடையாது. வலிப்பின் வேகத்தில் எலும்பு முறிவதும் உண்டு. இப்போது மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பிறகே மின்சாரம் செலுத்தப்படுகிறது. இவை இல்லாமல் சிகிச்சை தருவதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. நோயாளி வெறும் வயிற்றோடு வர வேண்டியது மின்சாரத்துக்காக அல்ல, இந்த மயக்க மருந்துக்காகத்தான்.

விழித்திருப்பவருக்கு இரைப்பையில் உள்ளது தொண்டைக்கு ஏறினால் இருமல் வந்து நுரையீரலைக் காத்துவிடும். மயக்கத்தில் அந்தக் காவல் இருக்காது. உணவும் அமிலமும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் மூச்சு அடைக்கும், நுரையீரல் புண்ணாகும், உயிரே போகலாம். பெரிய அறுவை சிகிச்சைகளில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகி இதைத் தடுப்பார்கள். மின்வலிப்பு சிகிச்சையில் மயக்கம் சில நிமிடங்களே நீடிப்பதால், பெரும்பாலும் முகமூடி வழியாகவே ஆக்சிஜன் தரப்படுகிறது. எனவே காலி வயிறே முக்கியப் பாதுகாப்பு.

பொதுவான கணக்கு இது: இட்லி போன்ற எளிய உணவுக்குப் பின் 6 மணி நேரம், பிரியாணி, பொரித்த பண்டங்கள் என்றால் 8 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம். பால் கலந்த காபி, டீ தண்ணீர்க் கணக்கில் சேராது. அவற்றுக்கும் 6 மணி நேரம் வேண்டும். மோரும் கஞ்சியும் தண்ணீரைப் போன்ற தெளிந்த பானங்கள் அல்ல.

தேவைக்கு மேல் பட்டினி போடுவதும் தவறு. இந்தச் சிகிச்சை வாரத்துக்கு 2 அல்லது 3 முறை நடப்பதால், ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாத நோயாளிக்கு நீர்ச்சத்து குறையும். அதனால்தான் காலையில் முதல் ஆளாக அழைப்பதும், 2 மணி நேரத்துக்கு முன்புவரை தண்ணீர் அனுமதிப்பதும் வழக்கம். ரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் சொன்னால் ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கலாம். இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நேரத்தில் மட்டுமே. சர்க்கரை நோய் நாள்பட்டிருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகலாம். அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மறதியாலோ குழப்பத்தாலோ பக்கத்துப் படுக்கைக்காரர் நீட்டும் பிஸ்கட்டை நோயாளி வாங்கித் தின்றுவிடுவது உண்டு. ஆகவே “சாப்பிடவில்லைதானே?” என்று கேட்பதைவிட, “கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்?” என்று அவரிடமும் உடனிருப்பவரிடமும் கேட்பது நல்லது. சாப்பிட்டது தெரிந்தால் அன்றைய சிகிச்சை பொதுவாகத் தள்ளிவைக்கப்படும். சிகிச்சை முடிந்து முழு நினைவு திரும்பி, சிக்கலின்றி விழுங்க முடிகிற பிறகே உணவு கொடுக்கலாம்.