மகாவலி ஏன் துறைமுகத்தைத் தூர்க்கவில்லை?

பெரிய ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டும் சதுப்பும் உருவாவதே வழக்கம். மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலியும் கொட்டியாரக் குடாவில் ஆண்டாண்டாக வண்டலைக் கொட்டுகிறது. ஆனாலும் குடாவின் வடபுறத்தில் உள்ள திருகோணமலைத் துறைமுகம் தூர்ந்துபோகவில்லை.

விடை கடலடியில் இருக்கிறது. குடாவிலிருந்தே ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்கி, 3,000 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டுகிறது. வண்டலில் பெரும்பகுதி அதன் வழியே ஆழ்கடலுக்குச் சரிந்துவிடுகிறது. கரைக்கு அருகிலேயே இவ்வளவு ஆழம் இருப்பதால்தான் கரையோரக் கோணேசர் மலையில் நின்றே நீலத் திமிங்கிலத்தைச் சில வேளை பார்க்க முடிகிறது. அந்த மலையின் குவார்ட்சைட் பாறை எளிதில் அரிபடாதது. அத்தகைய பாறை முனைகளே உள்துறையை அலையிலிருந்து காக்கின்றன.

ஆழமான இந்தத் துறைமுகத்துக்காகத்தான் பேரரசுகள் மோதின. போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் ஒல்லாந்தரும், 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியரும் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. இரண்டாம் உலகப் போரில் மாண்ட வீரர்கள் பலர் உப்புவெளியில், நிலாவெளி வீதியோரக் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்கள். துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் பெரும்பாலானவை பல தசாப்தங்கள் வெறுமனே கிடந்தன.

ஊர் மக்களின் பிழைப்பைத் தீர்மானிப்பது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டில் இறக்கிவிட்டு, இங்கே வறண்ட கச்சானாக வீசுகிறது. கடல் அடங்கியிருக்கும் அந்த மாதங்களில்தான் கரைவலை இழுக்கிறார்கள், உப்புவெளி விடுதிகள் நிரம்புகின்றன, நிலாவெளியில் உப்பு விளைகிறது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது ஜிப்சம் படிந்த பிறகே உப்பு படியும். மிஞ்சும் மக்னீசியக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். தவறினால் உப்பு கைக்கும்.

வடக்கே புல்மோட்டையில் கரைமணலே செல்வம். அங்குள்ள கருமணலை ஒரு கைப்பிடி அள்ளினால் கனம் உடனே தெரியும். அதிலுள்ள இல்மனைற்று சாதாரண மணலைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தி கொண்டது. அலை இலேசான மணலை அடித்துச் செல்ல, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. வெள்ளைப் பூச்சு நிறமிக்கும் தைத்தானியத்துக்கும் அதுவே மூலப்பொருள்.

ஆழம், பாறை, காற்று, மணல் என இயற்கை தன் பங்கைத் தாராளமாகவே கொடுத்திருக்கிறது. ஆனால் கனிமத்தை மணலாகவே கப்பலேற்றும் வரை இலாபத்தின் பெரும்பங்கு அதைப் பதப்படுத்துகிறவர்களுக்கே போகும். அந்தப் பதப்படுத்தும் வேலை திருகோணமலை மாவட்டத்துக்கு வர வேண்டும்.