டாக்டர் சௌந்தரமும் புது டீம் லீடும்

புதிதாக டீம் லீட் ஆகிறவர்களுக்கு நான் காந்திகிராமத்தின் ஆரம்ப வரலாற்றைப் படிக்கச் சொல்வதுண்டு. பலருக்கும் சிரிப்பு வரும். கதருக்கும் கோடுக்கும் என்ன சம்பந்தம்?

டாக்டர் சௌந்தரம் டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்காரின் மகள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து 1936-இல் டாக்டரானார். கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் தென்னிந்தியப் பொறுப்பை காந்தி அவரிடம் கொடுத்தார். 1947-இல் அவரும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சின்னாளப்பட்டியில் முதலில் இருந்தது ஒரு சிறு பிரசவ நிலையம்தான்.

இந்த இடத்தைத்தான் கவனிக்கணும். சுற்றிலும் கிராமங்கள், கையில் டாக்டர் பட்டம். காலையிலிருந்து ராத்திரி வரை தானே பிரசவம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஊரும் கும்பிட்டிருக்கும். ஆனால் அவர் மருத்துவமனையோடு சேர்த்து கிராம சேவிகைகளுக்கான பயிற்சியையும் வளர்த்தார். டாக்டர் போக முடியாத ஊருக்கு, பயிற்சி பெற்ற ஒரு பெண் போக முடியும்.

நம்ம ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நன்றாகக் கோட் எழுதினார் என்பதற்காக லீட் ஆக்குகிறோம். அவர் லீட் ஆன பிறகும் கஷ்டமான பகுதியையெல்லாம் தானே எழுதுகிறார். மற்றவர்களுக்கு மிச்சம்மீதி. ஆறு மாதத்தில் அவர் லீவு போட முடியாத நிலை வந்துவிடும்.

சரி, வேலையைப் பிரித்துக் கொடுத்தால் போதுமா? பிரசவம் பார்க்கப் பயிற்சி பெறும் பெண்ணுக்கு, எப்படிப் பார்ப்பது என்பதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு: எப்போது தானே பார்க்கக்கூடாது என்பது. ரத்தப்போக்கு நிற்கவில்லை, வலி எடுத்து வெகுநேரம் ஆகியும் குழந்தை இறங்கவில்லை, தாய்க்கு வலிப்பு வருகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இந்த எல்லை தெளிவாக இருந்தால்தான் மற்றதை அவள் தைரியமாகச் செய்வாள்.

டீமிலும் இதையே எழுதி வைக்கலாம். டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவதாக இருந்தால், பணம் கழியும் பகுதியைத் தொடுவதாக இருந்தால், வாடிக்கையாளர் தகவலை அழிப்பதாக இருந்தால் என்னைக் கூப்பிடு. ராத்திரி இரண்டு மணி ஆனாலும் சரி. மற்றது உன் முடிவு. அப்படிக் கூப்பிடுகிறவரிடம் "இதுக்கெல்லாமா கூப்பிடுவே?" என்று எரிந்து விழக்கூடாது. ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்தமுறை கூப்பிட யோசிப்பார். பிரசவத்தில் அந்த யோசனைக்கு விலை ஓர் உயிர்.

சௌந்தரம் 1952-இல் ஆத்தூர், 1957-இல் வேடசந்தூர் எம்.எல்.ஏ., 1962-இல் திண்டுக்கல் எம்.பி. பிறகு மத்தியக் கல்வித் துணை அமைச்சர். அவர் சென்னைக்கும் டெல்லிக்கும் போய்வந்த அந்த ஆண்டுகளிலும் காந்திகிராமம் நடந்தது. 1956-இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிலையம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் ஆனது.

ஒன்றை மறைக்கக்கூடாது. அவருக்குப் பின்னால் பெரிய குடும்பமும் காந்தியின் பெயரும் இருந்தன. புது லீடுக்கு ஓர் ஆளைச் சேர்க்கக்கூட மேலே மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கணும். அதனால் பயிற்சிக்குத் தனி ஆள், தனி பட்ஜெட் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் நீங்கள் எழுத இருக்கும் கஷ்டமான பகுதியை ஒரு ஜூனியரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். கீபோர்டு அவர் கையில் இருக்கட்டும்.