அப்பாவிடம் யாராவது கேட்டோமா?

நியூ ஜெர்சியில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. தூத்துக்குடியிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

"தம்பி, அப்பாக்கு மூச்சுவிட முடியல. வென்டிலேட்டர் போடணுமாம். கையெழுத்து கேக்காங்க. என்ன சொல்லட்டும்?"

"என்ன வேணும்னாலும் பண்ணச் சொல்லுக்கா. பணத்தப் பத்தி யோசிக்காத" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முடிவு எடுத்தாயிற்று.

நுரையீரல் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. இந்த இயந்திரத்தால் என்ன கிடைக்கும், திரும்பக் கழற்ற முடியுமா, போடாவிட்டால் மூச்சுத்திணறலைத் தணிக்க வேறு வழி உண்டா? எதையும் நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்த படிவத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். அப்போது அப்பாவுக்கு நல்ல நினைவு இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

19 நாள் கழித்துப் போய்விட்டார். ஃபாதர் வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். தொண்டையில் குழாய் இருந்ததால் அப்பாவால் நற்கருணை வாங்க முடியவில்லை. ஊருக்குப் போய்ச் சேர்ந்த என்னோடு ஒரு வார்த்தை பேசவும் முடியவில்லை.

'உயிர் கடவுள் கொடுத்தது, கடைசிவரை போராடுவதுதான் கத்தோலிக்கனின் கடமை' என்றே நான் நினைத்திருந்தேன். காரியமெல்லாம் முடிந்தபின் எங்கள் பங்குத்தந்தையிடம் சொன்னபோது, "பாதிதான் சரி, மீதியையும் படித்துப் பாருங்கள்" என்றார்.

படித்தேன். 1957 நவம்பரில் மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், உயிர் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது கடமை, பெருஞ்சுமையாகும் வழிகள் கடமையல்ல என்றார். கூடவே, நோயாளியின் அனுமதிக்கு அப்பாற்பட்ட தனி உரிமை மருத்துவருக்கு இல்லை என்பதையும் சொன்னார். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2278-ஆம் எண்ணும் இதைத்தான் சொல்கிறது. பலனுக்குப் பொருந்தாத, பெரும் சுமையான சிகிச்சையை நிறுத்தலாம். அது சாவை வரவழைப்பது அல்ல, தடுக்க முடியாததை ஏற்றுக்கொள்வது. நோயாளிக்குத் தெளிவு இருந்தால் முடிவு அவருடையது. இல்லாவிட்டால் உரிமையுள்ள உறவினர் முடிவெடுக்கலாம், ஆனால் அதிலும் நோயாளியின் நியாயமான விருப்பத்தை மதிக்க வேண்டும்.

இது கருணைக்கொலைக்கு அனுமதி இல்லை. நியூ ஜெர்சியில் 2019 முதல், தீராநோயாளிகள் மருத்துவர் எழுதித் தரும் மருந்தால் உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. திருச்சபை அதை ஏற்கவில்லை. சிகிச்சை சுமையா என்று கேட்கலாம், ஒரு மனித உயிரே சுமையா என்று கேட்கக் கூடாது.

இந்த வேறுபாடு நான் வாழும் இதே மாநிலத்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1975-இல் 21 வயது கேரன் ஆன் குவின்லன் நினைவிழந்தார். கத்தோலிக்கரான பெற்றோர் பங்குத்தந்தையிடம் ஆலோசித்துவிட்டு, சுவாசக் கருவியை எடுக்கச் சொன்னார்கள். மருத்துவர்கள் மறுத்தார்கள். 1976 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் மகளுக்காக முடிவெடுக்கும் உரிமையைத் தந்தைக்குக் கொடுத்தது. கருவியை எடுத்த பிறகும் கேரன் தானாகவே மூச்சுவிட்டார். உணவுக் குழாயை எடுக்கப் பெற்றோர் கேட்கவே இல்லை. 1985-இல்தான் கேரன் இறந்தார். மகளைக் கைவிடாமலே அவர்களால் கருவி வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 2005-இல் கடைசி நாட்களில் மீண்டும் மருத்துவமனைக்குப் போகாமல் தன் அறையிலேயே கண்மூடினார்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை எத்தனையோ திரைகளில் வைத்திருக்கிறேன், யாரும் படிக்காமலே அழுத்துவார்கள் என்று தெரிந்தேதான். அன்றிரவு நானும் அப்படித்தான் அழுத்தினேன். அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் இல்லையே என்ற குற்ற உணர்ச்சியில்தான் 'எல்லாம் பண்ணுங்க' என்றேன். என் மனசு ஆறுவதற்காக அப்பாவின் தொண்டையில் குழாய் போட்டோம்.

இந்தியாவில் இப்போது வழி இருக்கிறது. கடைசிக்கால சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தனக்காகப் பேசவேண்டியவர்கள் யார் என்றும் அதில் எழுதலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோபப்படுவாள் என்று பயந்தேன்.

"இப்பமாவது கேட்டியே ராசா. குணமாகும்னா என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஆகாதுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க. வலிக்கு மட்டும் மருந்து குடுங்க. நல்ல மரணம் வேணும்னுதான் தினமும் சூசையப்பர்ட்ட கேக்கேன். வாயில குழாய் கெடந்தா நான் எப்படி நன்மை வாங்குறது?"

சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாத விடுமுறையில் நோட்டரியிடம் போகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களே, நம் எல்லோருக்கும் அந்த இரண்டு மணி அழைப்பு என்றாவது வரும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.