ஜீப்பின் சேசிஸுக்கு எந்தப் பூச்சு நல்லது?

தேனி மாவட்டத்தில் கம்பம், போடி பக்கம் இருந்து பலர் வேலைக்காக மலை ஏறுகிறார்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. அவர்களை ஏற்றிச் செல்வது ஜீப். மலையில் மழை அதிகம். தோட்டத்துப் பாதையோ கரடுமுரடு. சேறும் கல்லும் ஜீப்பின் அடியில் ஓயாமல் அடிக்கும்.

ஜீப்பின் அடியில் சேசிஸ் இருக்கிறது. நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள். அவற்றை இணைக்கக் குறுக்குச் சட்டங்கள். பார்த்தால் ஏணி போல இருக்கும். என்ஜின், பாடி, ஆட்கள் எல்லோருடைய பாரமும் இதன் மேல்தான். பாடியில் துரு பிடித்தால் பார்க்க அசிங்கம். சேசிஸில் துரு பிடித்தால் உயிருக்கு ஆபத்து. ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் சட்டம் இற்றுப் போனால், கொண்டை ஊசி வளைவில் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

துருவைத் தடுக்கப் பூச்சு வேண்டும். முன்பெல்லாம் பெயின்ட் மட்டும்தான். இப்போது பவுடர் கோட்டிங்கும் உண்டு. எதைச் செய்வது?

பவுடர் கோட்டிங் என்றால் என்ன? முகப் பவுடர் போல நைஸான பிளாஸ்டிக் தூள். அதை ஒரு துப்பாக்கியில் வைத்து ஊதுவார்கள். துப்பாக்கி அந்தத் தூளுக்கு மின்னேற்றம் கொடுக்கும். தலை வாரிய சீப்பு காகிதத் துண்டை இழுக்கும் அல்லவா? அதே போல இரும்பு தூளை இழுத்து ஒட்ட வைத்துக்கொள்ளும். பிறகு இரும்பைப் பெரிய அடுப்புக்குள் வைப்பார்கள். அதில் சூடு சுமார் 200 டிகிரி. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். அந்தச் சூட்டில் தூள் உருகி, பரவி, கெட்டியான தோல் போல ஆகிவிடும். தின்னர் தேவையில்லை. தின்னர் நெடியும் இல்லை. ஜன்னல் கிரில், பீரோ, நாற்காலி எல்லாவற்றுக்கும் இது அருமையான பூச்சு.

சேசிஸுக்கு எப்படி? பட்டறைகளில் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

"அண்ணே, பவுடர் அடிச்சுட்டா துருவே பிடிக்காதாமே?"

"கல்லு படாத இடத்துல பிடிக்காது தம்பி. நம்ம ரோட்டுல கல்லு படாத இடம் எது?"

மேஸ்திரி சொல்வது சரி. கூரான கல் பட்டால் அந்தத் தோல் பெயரும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். தோலுக்கு அடியிலேயே துரு பரவும். மேலே பளபளப்பு, உள்ளே சொத்தை. வெளியே தெரியாத துருதான் மோசமான துரு.

வேறு தொல்லைகளும் உண்டு. அடுப்புச் சூட்டில் ரப்பர் புஷ், ஒயர், பிரேக் டியூப் எதுவும் தாங்காது. ஒன்று விடாமல் கழற்ற வேண்டும். கிரில் வேலைக்குக் கட்டிய சின்ன அடுப்பில் முழு சேசிஸ் நுழையாது. பின்னால் எங்காவது வெல்டிங் வைத்தால் பூச்சு கருகும். அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பவுடர் அடிக்க முடியாது. கடைசியில் பெயின்ட்தான் தடவ வேண்டும்.

பெயின்ட் அவ்வளவு கெட்டி இல்லை. ஆனால் பெயர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியும். கம்பி பிரஷால் தேய்த்து, பிரைமர் வைத்து, பெயின்ட் தொடலாம். அரை நாள் வேலை. மலைப் பாதையில் ஓடும் ஜீப்புக்குப் பெயின்ட்தான் பொருத்தம். பம்பர், சீட் ஃபிரேம், மேல் கேரியர் போன்ற கழற்றக்கூடிய சாமான்களைப் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கலாம்.

எந்தப் பூச்சானாலும் அடி வேலைதான் முக்கியம். துருவின் மேல் பூசிய பூச்சு நிற்காது. முதலில் சின்னச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். இற்ற இடம் மொத்தென்று கேட்கும். அதை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி பூசி ஓட்டையை மறைப்பது பயணிகளை ஏமாற்றுகிற வேலை.

பிறகு துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முழுக்க எடுக்க வேண்டும். அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். மலை ஈரத்தில் வெறும் இரும்பு மறுநாளே சிவக்கும். ரெட் ஆக்சைடு விலை குறைவு. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் இன்னும் நன்றாக உழைக்கும். பிரைமரோடு நிறுத்தக் கூடாது. அது மட்டும் தண்ணீரைத் தடுக்காது. மேலே இரண்டு கோட் பெயின்ட் வேண்டும். ஜூனில் மழை தொடங்கும் முன்பே வேலையை முடிப்பது நல்லது.

பெட்டி போல மூடிய சட்டத்தின் உள்பக்கத்துக்குப் பவுடரும் சரியாகப் போகாது, பெயின்ட்டும் போகாது. அதற்கென்று மெழுகுப் பூச்சு இருக்கிறது. துளை வழியாக அதை ஊத வேண்டும். தண்ணீர் வடியும் துளைகளில் சேறு அடைக்காமல் பார்க்க வேண்டும். சிலர் கழிவு ஆயிலை அடிப்பார்கள். அது ரப்பரைக் கெடுக்கும்.

சுரண்டுபவர் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் போட வேண்டும். பழைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம். கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது.

சேசிஸில் குத்திய எண்ணின் மேல் பூச்சு தடியாக ஏறக் கூடாது. தகுதிச் சான்றுக்குப் போகும்போது அந்த எண்ணைப் பார்ப்பார்கள். வேலை தொடங்கும் முன் அதன் மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டால் போதும். கடைசியில் டேப்பை உரித்து, அந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு கோட் அடிக்கலாம்.