வலிக்கு முன்னே தெரியும் புள்ளி

மணலியில் 1969-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைச் சூழ உரம், வேதிப்பொருள் முதலியவற்றை ஆக்கும் தொழிற்சாலைகள் பல எழுந்தன. இத்தகைய ஆலைகளில் குறித்த காலத்துக்கு ஒருமுறை இயக்கத்தை நிறுத்திப் பராமரிப்புப் பணி மேற்கொள்வர். தொழிலாளர் பேச்சில் அதற்கு ‘ஷட்டவுன்’ என்று பெயர். குழாய்களின் பற்றவைப்பு இணைப்புகளை ஊடுகதிரால் படம்பிடித்து ஆராயும் வழக்கமும் இத்துறையில் உண்டு. குழாய் கசிந்திருக்காது, மேற்பரப்பில் கீறலும் தென்படாது. ஆயினும் உள்ளே மயிரிழை போன்ற வெடிப்பு உள்ளதா எனப் பார்ப்பர். கசிந்த பின் பார்ப்பதில் பயனில்லை என்பதை அங்குப் பணியாற்றும் ஒவ்வொருவரும் அறிவர்.

அதே தொழிலாளியின் வீட்டில் தாயின் உடலோ மனைவியின் உடலோ பேச்சுக்கு வரும்போது இந்த அறிவு பின்வாங்கிவிடுகிறது. “வலி ஒன்றும் இல்லையே, பிறகு எதற்கு மருத்துவமனை?” என்ற கேள்வியே முன்னிற்கிறது. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை இக்கேள்வி ஆபத்தானது. தொடக்க நிலையில் அக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியிருக்கும் என்றும், 98,000 பேர் இதனால் இறந்திருப்பர் என்றும் உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. நம் நாட்டுப் பெண்களுள் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரிடம் வருகின்றனர். சிறு கட்டியாக இருக்கும்போதே கண்டறியப்பட்டால் மார்பகத்தை முழுதும் அகற்றாமலேயே பலரைக் குணப்படுத்த இயலும். ஆகவே அறிகுறி எதுவும் இல்லாத பெண்ணைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தேவை எழுந்தது. அதற்கென உருவானதே மேமோகிராம் என வழங்கும் மார்பக ஊடுகதிர்ப் படம்.

எலும்பைப் படம்பிடிப்பது எளிது. சதையைப் படம்பிடிப்பது கடினம். எலும்பு கதிரைத் தடுக்கும், சதை விட்டுவிடும். மார்பகத்தில் எலும்பே இல்லை. கொழுப்பும் பால்சுரப்பித் திசுவும் கட்டியும் கதிரைத் தடுக்கும் ஆற்றலில் ஒன்றுக்கொன்று சிறிதளவே வேறுபடுபவை. பெர்லின் நகர அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன் 1913-இல், அறுவையில் அகற்றப்பட்ட மூவாயிரம் அளவிலான மார்பகங்களை ஊடுகதிரால் ஆராய்ந்தார். அவற்றுள் சிலவற்றில் மணல் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தெரிந்தன. அவற்றின் முழுப்பொருள் அன்று விளங்கவில்லை. பின்னாளில் உருகுவே நாட்டு மருத்துவர் ரவுல் லெபோர்ன், அப்புள்ளிகள் நுண்சுண்ணப் படிவுகள் என்பதையும், அவற்றின் வடிவமும் கூட்டமும் புற்றுநோயின் தடயமாகலாம் என்பதையும் விளக்கினார். மார்பகத்தை அழுத்திப் படமெடுக்க வேண்டும் என வலியுறுத்தியவரும் அவரே.

அந்த அழுத்தம்தான் பெண்கள் பலரை அஞ்ச வைக்கிறது. இரண்டு தட்டுகளுக்கிடையே மார்பகம் சில நொடிகள் அழுத்தப்படுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் அதனால் பரவி விரிகின்றன. ஒன்றின் நிழலில் மற்றொன்று மறைவது குறைகிறது. தடிமன் குறைவதால் தேவைப்படும் கதிரின் அளவும் குறைகிறது. அசைவு நின்று படம் தெளிவாகிறது. சில நொடித் துன்பத்துக்கு இத்தனை காரணங்கள் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி அச்சம் அகலும். சொல்வதற்குத்தான் பல இடங்களில் நேரம் இருப்பதில்லை.

கதிரின் ஆற்றலும் இங்கு வேறு. நெஞ்சுப் படத்துக்கு நூறு கிலோவோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தைப் பயன்படுத்துவது வழக்கம். மார்பகப் படத்துக்கு 25 முதல் 35 கிலோவோல்ட் வரையே போதும். ஆற்றல் குறைந்த கதிர், திசுக்களுக்கு இடையேயான சிறு வேறுபாட்டையும் பிரித்துக் காட்டும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் சார்ல் குரோ என்னும் மருத்துவர் 1960-களின் நடுவில் உருவாக்கிய தனிக்கருவி, மாலிப்டினம் என்னும் உலோகத்தைக் கொண்டு இத்தகைய மென்கதிரை உண்டாக்கியது.

நீண்ட காலம் படம் பிலிமில்தான் பதிவாயிற்று. கதிரைப் பெறுவதும் காட்டுவதும் சேமிப்பதும் அந்த ஒரே பிலிமின் வேலை. படம் இருண்டுபோனால் மீண்டும் எடுக்க வேண்டும். எண்ணிம முறை இம்மூன்றையும் பிரித்தது. கதிரை ஒரு மின்னணு உணரி பெறுகிறது. சில கருவிகளில் சீசியம் அயோடைடு படலம் கதிரை ஒளியாக்க, அதன் அடியிலுள்ள சிலிக்கான் அடுக்கு அவ்வொளியை மின்குறிப்பாக்கும்; வேறு சிலவற்றில் செலினியப் படலம் கதிரை நேரடியாகவே மின்குறிப்பாக மாற்றும். அக்குறிப்புகள் எண்களாகிக் கணினியை அடைகின்றன. ஒவ்வொரு படப்புள்ளியின் அளவும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. மருத்துவர் ஓரிடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டாண்டுக்கு முந்தைய படத்தை அருகில் வைத்து ஒப்பிடலாம். இதற்காக அப்பெண்ணை மறுபடியும் கதிருக்கு உட்படுத்த வேண்டியதில்லை.

பிலிமை விட எண்ணிம முறை சிறந்ததா என்பதை அறிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 49,528 பெண்களிடம் இரு முறைகளையும் பயன்படுத்தி ஓர் ஆய்வு நிகழ்ந்தது. முடிவுகள் 2005-இல் வெளிவந்தன. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஐம்பது வயதுக்குட்பட்டவர், மாதவிடாய் நில்லாதவர், மார்பகத் திசு அடர்ந்தவர் ஆகியோரிடம் எண்ணிம முறை மிகுதியாகக் கண்டறிந்தது. காரணம் எளிது. கொழுப்பு படத்தில் கருமையாகத் தெரியும். அடர்ந்த சுரப்பித் திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை. உப்புக் குவியலில் விழுந்த வெண்சிப்பியைத் தேடுவது போன்ற வேலை அது. இந்தியப் பெண்களுக்கு இம்முடிவு தனிப்பொருள் உடையது. மேலை நாடுகளை விட இளைய வயதிலேயே இந்நோய் இங்கு மிகுதியாகக் காணப்படுகிறது.

எண்ணாகிவிட்ட படத்துக்குத் தொலைவும் தடையன்று. 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த மணலியிலிருந்து அடையாறு இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்குள்ள புற்றுநோய் நிறுவனம், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் இடையறா முயற்சியால் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். அக்காலத்தில் வடசென்னைப் பெண்ணொருத்தி அங்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். துணைக்கு வருபவரும் இழப்பார். இன்று கருவியை ஊர்தியில் ஏற்றித் தெருமுனைக்கே கொண்டுவரலாம். படம் மணலியில், அதைப் படிக்கும் கதிரியல் மருத்துவர் நகரின் மறுகோடியில் என்பது இயலக்கூடியதே.

ஆயினும் கருவியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அமெரிக்கக் கணக்குப்படி ஆயிரம் பெண்களைச் சோதித்தால் நூறு பேர் அளவில் மேற்சோதனைக்கு அழைக்கப்படுவர். அவர்களுள் ஏறத்தாழ ஐவருக்கே புற்றுநோய் இருக்கும். எஞ்சியோர் சில நாள் தூக்கமின்றித் தவித்து, நோயில்லை எனத் தெரிந்து மீள்வர். மறுபுறம், இருக்கும் புற்றுநோய்களுள் எட்டில் ஒன்று அளவுக்குப் படத்தில் தப்பிவிடும். எனவே கையில் கட்டி தட்டுப்படும் ஒருத்தி, ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு வீடு திரும்பிவிடலாகாது. வாழ்நாள் முழுதும் தொல்லை தராமலே இருந்திருக்கக் கூடிய சில கட்டிகளும் கண்டறியப்பட்டுச் சிகிச்சைக்கு உள்ளாகின்றன என்பதும் உண்மை.

கருவி இல்லாத இடத்தில் செய்யக்கூடியது என்ன? மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. எளிய குடும்பங்கள் வாழும் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை இலட்சம் பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மட்டும் சோதித்தனர். இருபது ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்திருந்தது. அதனினும் இளையோரிடம் அத்தகைய பயன் தென்படவில்லை. கோடிக்கணக்கான பெண்களுக்கு மேமோகிராம் கருவி கிடைக்காத நாட்டில் இது சிறிய செய்தியன்று. மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கைச்சோதனையையே முதற்படியாக வைக்கிறது. ஐயம் எழுந்தவரே அடுத்த சோதனைகளுக்கு அனுப்பப்படுவர்.

மணலி, எண்ணூர் மக்கள் இயல்பாகவே இன்னொரு கேள்வி எழுப்புவர்: இதற்கெல்லாம் புகைதானே காரணம்? வெளிக்காற்று மாசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் அறிவித்தது. மார்பகப் புற்றுநோயோடு அதற்குள்ள தொடர்பு இன்னும் ஆய்வில் உள்ளது. வயது முதிர்தல், முதல் குழந்தை தாமதமாகப் பிறத்தல், தாய்ப்பால் ஊட்டாமை, மாதவிடாய் நின்றபின் உடல் பருத்தல், மது, மரபணுக் குறை ஆகியவை உறுதியாக அறியப்பட்ட காரணிகள். தூய காற்றைக் கேட்பது மக்களின் உரிமை. அக்கோரிக்கை நிறைவேறும்வரை சோதனையைத் தள்ளிவைப்பது வேறு.

படமெடுக்கும் கதிரே தீங்கு செய்யாதா என்ற அச்சமும் உண்டு. ஒருமுறை எடுக்கும் படங்களால் உடல் பெறும் கதிர்வீச்சு, மண்ணும் வானும் இயற்கையாகவே நமக்கு ஏழெட்டு வாரங்களில் தரும் அளவுதான்.

சோதனை முடிந்தபின் வரும் அறிக்கையில் சுழியம் முதல் ஆறு வரை ஓர் எண் இருக்கும். ஒன்று என்றால் குறையேதும் இல்லை. இரண்டு, தீங்கற்ற மாற்றம். மூன்று, பெரும்பாலும் தீங்கற்றது, சில மாதங்களில் மீண்டும் பார்க்க வேண்டும். நான்கும் ஐந்தும் திசு ஆய்வு தேவை எனக் கூறுபவை. ஆறு, திசு ஆய்வில் முன்பே உறுதியான நோய். சுழியத்தைக் கண்டுதான் பலர் ஏமாறுகின்றனர். அது ‘ஒன்றுமில்லை’ என்பதன் குறியன்று. இப்படம் மட்டும் போதவில்லை, மேலும் படங்களோ மீயொலிச் சோதனையோ வேண்டும் என்பதே அதன் பொருள். அவ்வெண்ணைப் பெற்ற பெண் அந்த வாரமே மருத்துவமனைக்குத் திரும்பிச் செல்ல வேண்டும்.