பத்து விநாடி மருந்தும் ஒரு பிளேன்டீயும்

"தம்பி, எனக்கு என்ன ஊசி போட்டாங்க? போட்ட உடனே நான் மௌத்தாகிட்டன் எண்டுதான் நினைச்சன்."

திருகோணமலை உட்துறைமுக வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் இப்படிக் கேட்டவர் கிண்ணியா நானா. போன வாரம் விடியற்காலை, மீன் ஏலத்தில் நின்றவருக்கு நெஞ்சு திடீரென்று அடித்துக்கொண்டது. யாரோ 1990க்கு அடித்தார்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நிமிடத்துக்கு 190 துடிப்பு.

நானாவுக்குப் பழைய பாதை நினைவிருக்கும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வண்டிகளையும் நீர் கடத்தும் மிதவை. 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்கு நேரே கடக்க அதுதான். இதயத்திலும் அப்படி ஒரு பாதை இருக்கிறது. வலது மேலறையில் ஒரு முடிச்சு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்பும். அது கீழறைகளுக்குப் போக நடுவில் இருக்கும் ஏ.வி. முடிச்சு என்ற ஒரே துறையைக் கடக்க வேண்டும். அங்கே சற்றுத் தாமதித்துத்தான் போகும். மேலறைகள் இரத்தத்தைக் கொட்டி முடிக்க அந்தத் தாமதம் வேண்டும்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடத்தில் இரண்டாவது வழி ஒன்று இருக்கும். பாதையும் ஓடுகிறது, பாலமும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மின்சாரம் பாதையில் போய்ப் பாலத்தால் திரும்பி வந்து, மறுபடி பாதையில் ஏறிவிடுகிறது. பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 150, 200 சுற்று. முதலாவது முடிச்சுக்குப் பேச்சே இல்லை.

இதை அறுக்கப் பாதையை ஒரு கணம் நிறுத்தினால் போதும்.

"அதுக்குத்தானா சிரிஞ்சை ஊதச் சொன்னாங்க? பலூன் ஊதுற சின்னப்புள்ளையா நான்?"

அதுவும் வைத்தியம்தான் நானா. 10 மில்லிலீட்டர் சிரிஞ்சின் தண்டு அசையும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே படுக்க வைத்துக் கால்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இறங்கும்போது வேகஸ் நரம்பு முடுக்கப்பட்டு அந்தத் துறையை மந்தப்படுத்தும். 2015இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், கால் தூக்கியவர்களில் 43 வீதத்தினருக்குத் துடிப்பு சீரானது. தூக்காமல் ஊதியவர்களில் 17 வீதம்தான். ஒரு சதம் செலவில்லாத வைத்தியம்.

நானாவுக்கு அது பலிக்கவில்லை. ஆகவே அடினோசின். இது நம் உடம்பிலேயே உள்ள பொருள். இதயத் தசைச் சாற்றிலிருந்த இந்த வகைப் பொருள் விலங்குகளின் துடிப்பை மந்தமாக்குவதை 1929இல் கேம்பிரிட்ஜில் இருவர் கண்டறிந்தார்கள். இரத்தத்தில் இதன் அரை ஆயுள் பத்து விநாடிக்கும் குறைவு. மெதுவாக ஏற்றினால் இதயத்தைச் சேருமுன் காணாமல் போய்விடும். அதனால்தான் முழங்கை மடிப்பில் பெரிய கனுலா, ஒரே தள்ளில் 6 மில்லிகிராம், அதன் வாலைப் பிடித்தபடி 20 மில்லிலீட்டர் சேலைன். துறை சில விநாடி மூடும். சுற்றி வந்த மின்சாரம் மூடிய துறையில் முட்டி அணையும். பிறகு பழைய முடிச்சு தன் வேலையைத் தொடங்கும். இடைப்பட்ட நேரத்தில் திரையில் நேர்கோடு, நெஞ்சில் சீமெந்து மூட்டை, முகத்தில் அனல். மௌத்து என்று நினைத்ததில் பிழையில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட்டால் இந்தப் பயம் பாதி குறையும்.

"முதல் ஊசி கேக்கல்ல தம்பி. ரெண்டாவதுதான்."

இரண்டாவது 12 மில்லிகிராம். அந்த விடியலில் எத்தனை தேத்தண்ணி குடித்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு, நல்ல சாயத்தோடு. அடினோசின் உட்கார வேண்டிய கதிரையில் கெஃபீன் முந்தி உட்கார்ந்துவிடும். தேத்தண்ணி நித்திரையைக் கலைப்பதும் இதே கதிரைச் சண்டையால்தான். நானாவுக்கு முதல் ஊசி தோற்றது அதனால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தேத்தண்ணிதான் படபடப்பைக் கொண்டுவந்தது என்றும் சொல்லவில்லை. ஆனால் கடைசியாக எப்போது குடித்தோம் என்பதை டொக்டரிடம் சொல்லிவைப்பது நல்லது.

இன்னொரு தேயிலைக் கதையும் உண்டு. 1888இல் அல்பிரெக்ட் கொசெல் தேயிலையிலிருந்து தியோபிலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் அது முட்டுவருத்தக் குளிசையானது. அதை விழுங்குகிறவருக்கும் அடினோசின் சரியாக வேலை செய்யாது. போதாததற்கு, முட்டுவருத்தக்காரரின் மூச்சுக்குழாயையும் இறுக்கிவிடக்கூடும். அவர்களுக்குப் பெரும்பாலும் வெரபமில்தான். அதை இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும்.

"பக்கத்துக் கட்டில்காரருக்கு ராவெல்லாம் பம்ப்பில மருந்து ஏறிச்சே?"

அவருக்குக் கோளாறு கீழறையில் இருந்திருக்க வேண்டும். பழைய மாரடைப்பின் தழும்பைச் சுற்றி ஓடும் மின்சாரத்துக்குப் பாதையை மூடி என்ன பயன்? தசை முழுவதையும் சாந்தப்படுத்தும் அமியோடரோன் வேண்டும். 150 மில்லிகிராமைப் பத்து நிமிடத்தில் ஏற்றி, பிறகு மணிக்கணக்கில் சொட்ட விடுவார்கள். சிறு இரத்தக் குழாயை எரித்துவிடும் மருந்து அது. எடையில் 37 வீதம் அயடீன். குளிசையாக நாட்பட எடுத்தால், நிறுத்தி மாதக்கணக்கான பின்னும் உடம்பில் கிடக்கும். இந்த வகை நோயாளிக்கு வெரபமில் போட்டால் பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து. ஈசிஜி எடுக்காமல் ஊசி போடாதது அதற்காகத்தான். ஏற்கெனவே பிரஷர் விழுந்து மயங்குகிறவருக்கு மருந்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, மயக்கம் கொடுத்து ஷொக்தான். ஷொக் என்றால் நம் ஆட்கள் நடுங்குகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நிலையில் அதைவிட நம்பகமானது வேறில்லை.

நானா பொலித்தீன் பையிலிருந்து ஈசிஜித் தாளை எடுத்தார். பத்திரமாக வைத்திருந்தது பெரிய காரியம். அடுத்த மாதக் கிளினிக்கில் துடிப்பு சீராக இருக்கும், அங்கே சாட்சி இந்தத் தாள்தான். வெயிலில் மங்கும், போட்டோ கொப்பி எடுத்துவையுங்கள் என்றேன்.

"இந்த நீட்டுக் கோடு?"

"அதுதான் நீங்க மௌத்தான இடம் நானா. பெரிய கட்டம் ஒண்டு 0.2 விநாடி. எண்ணிப் பாருங்க."

மீன் செதில் ஒட்டிய விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினெட்டு.

"அப்ப எவ்வளவு?"

"3.6 விநாடி."

நானா மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.