முந்தானையில் முடிந்த மாத்திரை

என் ஊர் இரும்பை. அத்தையைக் கட்டிக்கொடுத்தது மரக்காணத்தில். இருபத்தைந்து வருஷம் உப்பளத்தில் உழைத்தவர். நான் பிசியோதெரபி படித்து முடித்த வருஷம் எங்கள் மாகாளேஸ்வரர் கோயிலுக்கு வந்தார். சந்நிதிப் படியில் கால் வைக்க முடியவில்லை. "முட்டியில உப்பு படிஞ்சு போச்சுடி" என்றார்.

அளத்துக்காரர்கள் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். உப்பு முட்டியில் படிவதில்லை. தொடை எலும்பும் கால் எலும்பும் சேரும் இடத்தில் இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக, வழவழப்பாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் பசைநீர்தான் அதற்குச் சோறு. அதனால் ஒருமுறை தேய்ந்தால் பழையபடி வளராது. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் இரண்டு சவ்வுகள் மெத்தைபோல இருக்கும். பருவத் தொடக்கத்தில் பாத்தியில் சேறு மிதிக்கும்போது, புதைந்த காலைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சவ்வு முறுக்கப்படுகிறது. பிறகு மாதக்கணக்கில் தலையில் உப்புக்கூடை. அந்தப் பாரமும் முட்டியில்தான் இறங்குகிறது.

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். செய்தித்தாள் துண்டில் மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, பொட்டுபோலக் குட்டியாக ஒன்று. 'செட்டு மாத்திரை'. அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. காலையில் ஒரு செட்டு போட்டால்தான் அளத்தில் இறங்க முடியும் என்றார்.

"தண்ணி எவ்ளோ குடிப்பீங்க அத்தை?"

"குடிச்சா ஒதுங்க இடம் ஏது?"

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தடுக்கின்றன. முட்டியில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவது அது. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் காப்பதும் அதுதான். வெயிலில் காய்ந்த உடம்பில் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அந்தக் காவலும் போய்விடுகிறது. நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததும் இதே மருந்தால்தான். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடுகள் செத்தபின் அவற்றைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள்.

அத்தைக்கு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடியிருந்தது. முகம் ஊதியிருந்ததைப் பார்த்த டாக்டர், அந்தக் குட்டி மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார். வலி சட்டென்று அடங்கும். நாளடைவில் எலும்பு பலம் இழக்கும், சர்க்கரை ஏறும். நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அத்தைக்கும் அப்படித்தான் குறைத்தோம்.

நான் கொடுத்த வைத்தியம் எளிமையானது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை தொடையை இறுக்கிப் பிடிப்பது. காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத்தசை பலப்பட்டால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொன்னேன். பெரும்பாலோர் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். வலிக்கு மேலே பூசும் களிம்பு. அதிலிருந்து ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. மூன்று மாதத்தில் அத்தை படி ஏறினார். தேய்ந்தது தேய்ந்ததுதான், வலி பாதியாகிவிட்டது.

முற்றிலும் தேய்ந்தவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. நடக்கவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அளத்து முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுங்கள், தண்ணீரை அவர்களே குடித்துக்கொள்வார்கள். வலி மாத்திரை வாங்குகிறவர்களுக்கு: பிரித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயர் அச்சிட்ட அட்டையோடு வாங்கி, அந்த அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள்.